ஆக்மென்டட் கார்டில் யார் பிசகு

"டீச்சர், ஒரு குரலை எடுத்துட்டா கார்டு சரியாயிடுமா?"

வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே எலியாசர் கேட்டுவிட்டார். மலைப் பாதையில் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து ஏறியதில் அவருக்கு மூச்சு வாங்கியது.

கிளாடிஸ் டீச்சர் கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

"யாரு குரலை?"

"ரத்தினபாய்னு ஒரு அம்மா. சொப்ரானோ, மேல் குரல்."

"தண்ணி குடிங்க அண்ணாச்சி," என்றார் டீச்சர்.

எலியாசர் கடலோரத்து ஊர் ஒன்றின் கோயிலில் பாடகர் குழுத் தலைவர். ஆர்கன் வாசிப்பார். பேஸ் என்கிற அடிக்குரலும் பாடுவார். தலை முழுக்க நரைத்துவிட்டது. கிளாடிஸ் டீச்சருக்கு அவருடைய மூத்த மகளின் வயதுதான் இருக்கும். ஆனாலும் தெற்கே எந்தக் கோயிலில் பாட்டில் சிக்கல் வந்தாலும் இந்த மலைக்குத்தான் ஏறி வருவார்கள். டீச்சரிடம் கேள்வி கேட்டால் பதில் கிடைக்காது, வேலை கிடைக்கும் என்று ஒரு பேச்சு உண்டு.

எலியாசருக்கு அதுவும் தெரியும். அவருக்கு வேறு வழி இல்லை.

"வர்ற வெள்ளி, பெரிய வெள்ளி," என்றார். "அன்னைக்கு எங்க கோயில்ல ஆர்கனைத் திறக்க மாட்டோம். வெறும் குரல்தான். நான் ஒரு பாட்டுக் கட்டியிருக்கேன். நடுவுல ஒரு இடத்துல ஆக்மென்டட் கார்டு வருது."

"ஏன் அதை வச்சீங்க?"

"சிலுவைப் பாட்டு டீச்சர். அந்த இடத்துல யாரும் நிம்மதியா உட்காரக் கூடாதுன்னு நெனச்சேன்."

டீச்சர் தலையசைத்தார்.

டோ, மி, சோ என்ற மூன்று சுரமும் ஒன்றாக ஒலித்தால் மேஜர் கார்டு. ஆமென் பாடித் தலை குனிகிற எல்லோருக்கும் அந்த ஒலி தெரியும், பெயர் தெரியாவிட்டாலும். அதில் சோவை மட்டும் அரைச் சுரம் மேலே தள்ளினால் அது ஆக்மென்டட். தள்ளிய சுரத்துக்குச் சே என்று பெயர். சாய்ந்து உட்கார்ந்திருந்த ஒருவர் பாதி எழுந்து அப்படியே நின்றுவிட்டதுபோல இருக்கும். திரும்ப உட்காரவும் மாட்டார், கிளம்பிப் போகவும் மாட்டார்.

"எப்படிப் பாடுறீங்க?"

"கீழ இருந்து மேல, பேஸ் டோ. அது நான். டெனர் மி. ஆல்ட்டோ சே. மேல் டோ ரத்தினபாய். நாலும் நெருக்கி நிக்கும்."

"பிசகு?"

"அந்த அம்மாதான். ஒவ்வொரு தடவையும் இறங்கிருதா. போன்ல சுருதி பார்க்கிற மெஷின் இருக்குல்லா, அதை வச்சும் பார்த்தேன். முள்ளு கீழேதான் நிக்குது."

"மத்தவங்களுக்கு?"

"மத்தவங்களுக்கு என்னத்துக்கு வைக்கணும்? காதுக்கே தெரியுதே."

டீச்சர் கடைசித் துணியை உதறிப் போட்டார்.

எலியாசரே தொடர்ந்தார்.

"போன பயிற்சியில, எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன். இந்த வருஷம் நீ கீழ சபையோட உட்காரு ரத்தினபாய்னு."

"அவங்க என்ன சொன்னாங்க?"

எலியாசர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழுவான்னு நெனச்சேன். அழல. என்ன பிசகுன்னு மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி, வீட்டுல இருந்து திருத்திக்கிடுதேன்னா. கல்யாணத்துக்கு முன்னால இருந்து பாடுதா. புருஷன் போனப்பறம் அவளுக்குன்னு இருக்கிறது அந்த ஒரு இடம்தான். அது எனக்கும் தெரியும்."

"என்ன சொன்னீங்க?"

"சொல்லத் தெரியல. அதான் வந்தேன். என்ன பிசகுன்னு நீங்க சொல்லுங்க. நான் போய் அவகிட்டச் சொல்லிருதேன். அதுக்கப்பறம் எனக்கும் தூக்கம் வரும்."

"பிசகினவங்களை எல்லாம் கீழே உட்கார வச்சா, அண்ணாச்சி, மேலே மைக் மட்டும்தான் நிக்கும்."

எலியாசர் சிரிக்கவில்லை.

டீச்சர் உள்ளே போய் ஒரு கிதாரைக் கொண்டுவந்தார். அதில் நாலு கம்பிதான் இருந்தது. தடித்த இரண்டைக் கழற்றியிருந்தார்.

"நாலு கம்பி. நாலு குரல். உங்க கார்டைச் சுருதி சேர்த்துக் குடுங்க. கழுத்துக் கட்டையில விரல் வைக்காதீங்க. வெறும் கம்பி. வெறும் காது."

"இது எதுக்கு?"

"யாரை எடுக்கணும்னு தெரியணும்ல."

எலியாசர் கிதாரை மடியில் வைத்துக்கொண்டார். இது அவருக்குப் பெரிய வேலை இல்லை.

இருந்ததில் தடித்த கம்பியை மீட்டினார். அது பேஸ், அது டோ. அடுத்த கம்பியின் முறுக்காணியைத் திருகினார். மி வந்தது. இன்னும் ஒரு மயிரிழை. இரண்டு ஒலியும் ஒட்டாததால் நடுவே துடித்த அலை மெல்ல மெல்ல ஓய்ந்தது, பாத்திரத்தில் தண்ணீர் அசைவு அடங்குவதுபோல. பிறகு இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே ஒலியாக நின்றன.

"இதைத்தான் நான் சொல்லிக் குடுப்பேன்," என்றார் எலியாசர். "உனக்குக் கீழ இருக்கிற குரலைக் கேளு, அதுமேல சாஞ்சுக்கோம்பேன். கீழே இருந்து கட்டணும். வீடு மாதிரி."

"நல்லது."

மியின் மேல் சே வந்தது. அலை ஓய்ந்தது. சேயின் மீது மேல் டோ வந்தது. அதிலும் அலை ஓய்ந்தது. அடுத்தடுத்த கம்பிகளை இரண்டிரண்டாக மீட்டிக் காட்டினார். ஒவ்வொன்றும் தேன்.

"இப்போ முதலும் கடைசியும்," என்றார் டீச்சர்.

எலியாசர் கீழ் டோவையும் மேல் டோவையும் சேர்த்து மீட்டினார். ஒரே சுரம்தான், ஒன்று கீழே, ஒன்று மேலே.

உடனே உள்ளங்கையால் கம்பிகளை அமுக்கிவிட்டார்.

மேல் டோ இறங்கியிருந்தது. கொஞ்சம் இல்லை, பல் கூசும் அளவுக்கு.

"கம்பி நழுவிருச்சு," என்றார்.

"மறுபடி வைங்க."

மறுபடி வைத்தார். டோவும் மியும் சரி. மியும் சேயும் சரி. சேயும் மேல் டோவும் சரி. இரண்டு டோவும் சரியில்லை.

"ஒவ்வொண்ணும் பக்கத்துக் கம்பியோட சேர்ந்துதானே இருக்கு?" என்றார் டீச்சர்.

"சேர்ந்துதான் இருக்கு."

"பின்னே யாரு பிசகு?"

"மேல் கம்பி. கேக்குதே."

"அந்தக் கம்பியைச் சுருதி சேர்த்தது ரத்தினபாயா?"

எலியாசர் முறுக்காணியில் இருந்து கையை எடுத்தார்.

டீச்சர் உள்ளே போய்விட்டார். அரிசி களைகிற சத்தம் கேட்டது.

அவர் திரும்பி வந்தபோது எலியாசர் அதே இடத்தில் இருந்தார். காது சிவந்திருந்தது.

"இன்னொரு தடவை செய்யலாம் அண்ணாச்சி. இப்போ மேலே இருந்து. முதல்ல இரண்டு டோவையும் சரியா வச்சிருங்க. அப்புறம் மேல் டோவைத் தொடாதீங்க. ரத்தினபாய் பாடுறதுதான் சரின்னு வச்சுக்கிட்டு, மத்தவங்க ஒவ்வொருத்தரா மேலே இருக்கிறவங்களோட ஒட்டட்டும்."

"மேலே இருந்து யாரும் கட்ட மாட்டாங்களே."

"இந்தக் கார்டுக்கு மேல் எது, கீழ் எது?"

டீச்சர் காலால் மிதித்து வாசிக்கிற பழைய ஆர்மோனியத்தைத் திறந்தார். ஆக்மென்டட் கார்டைப் பிடித்தார். பிறகு அடியில் இருந்த டோவை எடுத்து மேலே வைத்தார். பிறகு மியை எடுத்து மேலே வைத்தார். மேஜர் கார்டாக இருந்தால் ஒவ்வொரு முறையும் அடி மாறியது தெரிந்திருக்கும். இதில் கொஞ்சம் உயர்ந்ததே தவிர வேறொன்றும் மாறவில்லை. ஒரே முகம். டோவுக்கும் மிக்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம்தான் மிக்கும் சேக்கும், சேக்கும் அடுத்த டோவுக்கும்.

"இதுல எது அஸ்திவாரம்? சொல்லுங்க."

எலியாசர் கண்ணை மூடிக் கேட்டார்.

"தெரியல."

"எனக்கும் தெரியாது. மேலே இருந்தே தொடங்குங்க."

அவர் தொடங்கினார். மேல் டோவின் கீழே சே ஒட்டியது. சேயின் கீழே மி ஒட்டியது. இப்போது மியோடு தடித்த கம்பி ஒட்டவில்லை. கரகரத்தது. அதைக் கொஞ்சம் ஏற்றினார். அலை ஓய்ந்தது. தேன்.

டீச்சர் கை நீட்டி இரண்டு டோவையும் சேர்த்து மீட்டினார்.

அந்தப் பல்கூச்சம் மறுபடியும் வந்தது.

"இப்போ எந்தக் கம்பி பிசகு?"

"தடிச்சது. ஏறி நிக்குது."

"அது யாரு?"

"பேஸ்."

"பேஸ் யாரு பாடுறது?"

கொடியில் துணி படபடத்தது.

"நான்," என்றார் எலியாசர்.

"உட்கார வச்சிரலாமா?"

எலியாசர் கிதாரைக் கீழே வைத்தார். எழுந்து வேலி வரை போனார். அங்கிருந்து பார்த்தால் சமவெளி தெரியும், நாள் நன்றாக இருந்தால் அதற்கப்பால் கடலும் ஒரு கோடாகத் தெரியும். அன்று வெறும் புகைமூட்டம்தான் இருந்தது.

குழுவின் முன்னால் தான் நின்ற விதம் அவருக்கு நினைவு வந்தது. போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு, "பாரு, நீயே பாரு" என்று சொன்னது நினைவு வந்தது. ரத்தினபாய் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து அந்த முள்ளைப் பார்த்தாள். அதை அவள் நம்பினாள்.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"நடுவுல இருந்து தொடங்கிப் பார்க்கட்டா?"

"பாருங்க."

மியில் தொடங்கினார். மேலேயும் கீழேயும் ஒட்டவைத்தார். இரண்டு டோவும் மறுபடி சண்டை போட்டன. சேயில் தொடங்கினார். அப்போதும் அதே சண்டை.

"எங்க தொடங்கினாலும் ஒரு சந்து விழுது டீச்சர். மூணு இடத்தையும் அடைச்சா நாலாவது இடத்துல திறந்துக்கிடுது. மூணு தேனும் சேர்ந்தாலும் ஒரு டோவுல இருந்து அடுத்த டோ வரை எட்டல."

"ஆமா."

"என் காது கெட்டுப்போச்சா?"

"இல்ல. நல்ல காது. கெட்ட காதுன்னா எப்பவோ சரின்னு விட்டிருக்கும்."

"கேலி பண்ணாதீங்க."

"கேலி பண்ணல."

எலியாசர் ஆர்மோனியத்தைப் பார்த்தார். முகம் மாறியது.

"அதுல மட்டும் எப்படி வருது? நீங்க இப்போ வாசிச்சீங்களே. ரெண்டு டோவும் சரியா இருந்துச்சே. எங்க ஆர்கன்லயும் சந்து கிடையாதே."

டீச்சர் ஆர்மோனியத்தின் முன்னாலிருந்து விலகிக்கொண்டார்.

எலியாசர் உட்கார்ந்து மிதித்தார். டோவையும் மியையும் மட்டும் அழுத்தினார். வேறெதையும் அழுத்தவில்லை. குனிந்து, காதை மரத்தில் வைத்தார்.

நெடுநேரம் அப்படியே இருந்தார்.

அங்கே ஓர் அலை இருந்தது. மெல்லிய, இடைவிடாத ஒரு நடுக்கம்.

"இது ஏறியிருக்கு," என்றார். "இந்த மி ஏறியிருக்கு டீச்சர்."

"ஆமா."

அவர் மியையும் சேயையும் அழுத்தினார். அதே நடுக்கம். சேயையும் மேல் டோவையும் அழுத்தினார். அங்கேயும் நடுக்கம்; மூன்றும் ஒரே அளவு ஏறியிருந்தன.

"ஒண்ணுகூட உண்மையா இல்லையே!"

"இல்ல."

"இதையா நான் இத்தனை வருஷமா வாசிச்சேன்? கல்யாணத்துக்கு, சாவுக்கு, திருவிருந்துக்கு?"

"கோயில்ல யாரும் எழுந்து போகலியே அண்ணாச்சி."

எலியாசர் பெடலில் இருந்து காலை எடுத்தார். காற்று இறங்கி ஒலி செத்தது.

டீச்சர் கிதாரை எடுத்து மறுபடி அவர் மடியில் வைத்தார். பிறகு சாப்பிடக் கூப்பிட்டார். அவர் வரவில்லை. சோற்றை மூடி வைத்தார்.

மதியம் முழுக்க எலியாசர் அந்த நாலு கம்பியோடு இருந்தார்.

அது சுலபமாக இல்லை. முதலில் இரண்டு டோவையும் சரியாக வைத்தார். பிறகு மியைத் தேனில் இருந்து கொஞ்சம் வெளியே இழுத்தார். கை கேட்கவில்லை. அவர் அறியாமலே விரல் அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய்விட்டது. மறுபடி இழுத்தார். கரகரத்தது. அந்தக் கரகரப்போடு அதை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த கம்பிக்குப் போக வேண்டும். அதுதான் அவருக்கு முடியவில்லை. வாழ்நாள் முழுக்கக் கரகரப்பைத் துடைத்தே பழகியவர்.

ஓர் இடைவெளியில் அதிகம் விட்டால் அது அலறும், இன்னொன்று தேனாகிவிடும். மூன்றுக்கும் ஒரே அளவு வர வேண்டும். தேனுக்குக் கொஞ்சம் தள்ளி, அலறலுக்கு ரொம்ப முன்னால் ஓர் இடம் இருந்தது. அங்கே காது சமாதானம் ஆகவில்லை. ஆனால் பொறுத்துக்கொண்டது.

வெயில் சாய்ந்தபோது அவர் நாலு கம்பியையும் ஒன்றாக மீட்டினார்.

கார்டு நின்றது. உட்காரவில்லை, ஓடவும் இல்லை. சிலுவைப் பாட்டுக்கு அவர் மனதில் கேட்ட ஒலி அதுதான்.

டீச்சர் சமையலறை வாசலில் வந்து நின்றிருந்தார்.

"எது பிசகு?"

எலியாசர் இன்னொரு முறை மீட்டினார். கடைசி வரை கேட்டார்.

"எல்லாம்," என்றார்.

டீச்சர் வந்து எதிரே உட்கார்ந்தார். மூடி வைத்திருந்த சோற்றைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினார்.

"உங்க கோயில்ல எப்படி நிப்பீங்க?"

எலியாசர் தட்டைத் தொடாமல் தரையில் விரலால் கோடு போட்டுக் காட்டினார்.

"ஒரே வரிசை. இந்தக் கோடியில பேஸ். அப்புறம் டெனர். அப்புறம் ஆல்ட்டோ. அந்தக் கோடியில சொப்ரானோ. எங்க அப்பா காலத்துல இருந்தே அப்படித்தான்."

"ரத்தினபாய் யாரைக் கேட்டுப் பாடுவாங்க?"

"பக்கத்துல ஆல்ட்டோவை. நான் சொன்னபடி."

"ஆல்ட்டோ?"

"டெனரை."

"டெனர்?"

"என்னை."

"நீங்க யாரைக் கேட்பீங்க?"

எலியாசரின் விரல் தரையில் போட்ட கோட்டின் அந்தக் கோடிக்குப் போனது.

"இந்தக் கோடிக்கு அந்தக் கோடி கேட்குமா அண்ணாச்சி?"

"நடுவுல பீடம் இருக்கு," என்றார் எலியாசர் மெதுவாக. "கேக்காது."

"சாப்பிடுங்க. கடைசி பஸ் இருட்டுறதுக்கு முன்னால போயிரும்."

டீச்சர் துணி எடுக்கப் போய்விட்டார்.

அந்த வீட்டில் போனுக்குச் சிக்னல் கிடையாது. பஸ் நிற்கிற வளைவில்தான் கிடைக்கும். எலியாசர் அங்கே போய் நின்று போனை எடுத்தார். இரண்டு முறை எண்ணை அழுத்திவிட்டு நிறுத்தினார். மூன்றாம் முறை மணி அடிக்க விட்டார்.

"அலோ?"

"ரத்தினபாய், நான் எலியாசர் பேசுதேன்."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் நின்றது.

"சொல்லுங்க அண்ணாச்சி. மலைக்குப் போயிருக்கீங்கன்னு உங்க வீட்டுல அக்கா சொன்னா. கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"ம்."

"என்ன பிசகு? சொல்லுங்க. நான் மனசுல வச்சுக்கிட மாட்டேன்."

நடந்து வரும்போது அவர் பல வாக்கியங்களைச் சேர்த்து வைத்திருந்தார். எல்லாவற்றையும் விட்டுவிட்டார்.

"நீ ஆல்ட்டோவோட சரியாத்தான் ஒட்டிப் பாடுத."

"அப்போ மெஷின்ல காட்டுச்சே? நானே பார்த்தேனே."

"மெஷினும் பொய் சொல்லல."

"ஒண்ணும் விளங்கல அண்ணாச்சி." அவள் குரல் தாழ்ந்தது. "எனக்கு இந்தப் படிப்பெல்லாம் தெரியாது. வெள்ளிக்கிழமை நான் வரணுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லிருங்க."

"வரணும்."

"வந்து மறுபடி பிசகினா?"

"பிசகும்," என்றார் எலியாசர்.



"பிசகினா எல்லாரும் என்னைத்தானே திரும்பிப் பார்ப்பாங்க?"

"என்னையும் பார்ப்பாங்க."

"உங்களை எப்படிப் பார்ப்பாங்க? நீங்க எங்கேயோ இருப்பீங்க, நான் எங்கேயோ இருப்பேன்."

கீழே வளைவில் பஸ்ஸின் விளக்கு திரும்பியது. அவர் கை நீட்டி நிறுத்தச் சொன்னார்.

"சரி, விடுங்க. வாரேன்," என்றாள் ரத்தினபாய். "நான் எங்க நிக்கணும், அண்ணாச்சி?"

"என் பக்கத்துல."